மேற்குத் தெருக்களுக்கு ஆற்றுத் தண்ணீர்

காய்ந்த புல்லில் பிடித்த தீ மேற்குத் தெருக்களை நெருங்கியபோது, வாலுண்டா ஊரில் மின்சாரம் போனது. ஊரின் குடிநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள் நெரிடா. அங்கே வடிகட்டும் இயந்திரங்கள் நின்றுவிட்டன. குன்றுத் தொட்டியில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரைத் தீயணைப்பு வண்டிகள் இழுத்துக்கொண்டிருந்தன.

வாக்கிடாக்கியில் தீயணைப்புத் தலைவர் டாரில் கத்தினார். "என்னம்மா தண்ணி விடுற? எங்க நாய் இதைவிட வேகமா ஒண்ணுக்கு அடிக்கும்!"

"தொட்டி காலியாகுது டாரில்."

"அப்ப ஆத்துல இருந்து விடு!"

ஆற்றங்கரையில் டீசல் பம்பு தயாராகத்தான் இருந்தது. ஆனால் மாடுகள் இறங்கிக் கலக்கும் ஆறு அது. தீயணைப்புக்கும் வீடுகளுக்கும் ஒரே குழாய்தான்; கிருமி கொல்லும் மருந்து கலக்காத அந்தத் தண்ணீர் ஊர் முழுக்க வீட்டுக் குழாய்களில் ஏறிவிடும்.

அந்த நேரம் பார்த்து முதியோர் இல்லத்தை நடத்தும் எல்ஸ்பெத் காரில் வந்து இறங்கினாள். "என் குழாயில சொட்டுதான் வருது. உள்ள முப்பது கிழடுங்க வெந்துட்டு இருக்கு. நீ இங்க என்ன புடுங்குற?"

நெரிடா நீளமான வால்வு சாவியை எடுத்து அவள் கையில் திணித்தாள். "வண்டிய எடு. பேங்க் முனைக்குப் போவோம்."

அங்கே சாலைக்கு அடியில் ஊரை இரண்டாகப் பிரிக்கும் வால்வு இருந்தது. அதை மூடினால் முதியோர் இல்லம் இருக்கும் கிழக்குப் பக்கத்துக்குத் தொட்டித் தண்ணீர் மட்டும் போகும்; ஆட்களை வெளியேற்றிவிட்ட மேற்குப் பக்கத்துக்கு ஆற்றுத் தண்ணீரை விடலாம். வருடக்கணக்கில் யாரும் தொடாத வால்வு. புகையில் இருமிக்கொண்டே இருவரும் தொங்கித் திருகினார்கள். கடைசியில் முனகிக்கொண்டு அசைந்தது.

"மீதிய நீ மூடு. முழுசா மூடினப்புறம் சொல்லு. அதுக்கு முன்னாடி நான் பம்ப ஓட்டினா உன் ஆளுங்க சாணித்தண்ணி குடிப்பாங்க." வாக்கிடாக்கி ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு நெரிடா ஆற்றங்கரைக்குப் பறந்தாள்.

பம்பின் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தாள். வால்வு மூட மூட மேற்கே தொட்டித் தண்ணீரும் நின்றது. டாரிலின் குரல் மாறியிருந்தது. "தண்ணி நின்னு போச்சு. பசங்க தீக்கு முன்னால வெறுங்கையோட நிக்கிறாங்க, நெரிடா."

அழுத்திவிடலாம் என்று விரல் துடித்தது. எல்ஸ்பெத்திடமிருந்து சத்தமே இல்லை.

"டாரில், ஆளுங்கள பின்னால இழு!"

பிறகு மூச்சிரைக்கும் குரல்: "மூடிட்டேன்! இனி அசையாது!"

பம்பு உறுமியது. கொஞ்ச நேரத்தில் டாரில், "வந்துடுச்சு… வந்துடுச்சு!" என்றார்.

தீ கால்பந்து மைதானத்தோடு நின்றது. இரண்டு கொட்டகைகள் எரிந்தன. ஆட்கள் திரும்புவதற்குள் நெரிடா மேற்குத் தெருக்களில் வீட்டுக்கு வீடு குழாயில் சிவப்பு அட்டை கட்டினாள்: குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் வேண்டாம். லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றவர்கள் அவளைத்தான் ஏசினார்கள். மருந்து கலந்த தண்ணீரை விட்டுக் குழாய்களைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். முதல் பரிசோதனையில் கிருமி இருந்தது. மறுபடியும் கழுவினாள். அடுத்த இரண்டும் சுத்தமாக வந்தன. ஊரில் ஒருவருக்கும் வயிற்றுப்போக்குகூட வரவில்லை.

அட்டையை அவிழ்க்கப் போன முதல் வீட்டில் ஜெஃப்ரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நல்ல தண்ணியா? முதல்ல நீ குடி பாப்போம்."

ஒரு டம்ளர் பிடித்து நெரிடா முழுதாகக் குடித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு அதே குழாயில் கெட்டிலை நிரப்பி அடுப்பில் வைத்தார்.

"உக்காரு. டீயில பால் ஊத்தவா?"