வால் ஏன் தாழ்ந்தது

மூன்று பேரையும் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை விமானத்தைச் சுற்றி வந்த நெடுஞ்செழியனுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. வால் தாழ்ந்திருந்தது.

அதிகமில்லை, நான்கு விரல் அளவுதான். ஆனால் மூக்குச் சக்கரமும் அதையே சொன்னது. அந்தச் சக்கரத்துக்கு மேலே பளபளப்பாக ஒரு தண்டு உண்டு. மேலே எடை அழுத்தினால் உள்ளே போகும், எடை குறைந்தால் வெளியே வரும். இன்று அது வழக்கத்தைவிட நீளமாக வெளியே தெரிந்தது. எடையெல்லாம் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். அவன் போனில் போட்டு வைத்திருந்த கணக்கோ, எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகவும் இன்னும் இருபது கிலோ ஏற்றலாம் என்றும் சொன்னது.

நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். அமெரிக்காவில் கேட்டி என்ற ஊருக்கு மேற்கே, நெல் வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பறக்கும் கிளப்புக்குச் சொந்தமானது. நெடுஞ்செழியன் எரிவாயுக் குழாய் கம்பெனியில் இன்ஜினியர். போன வருடம்தான் லைசென்ஸ் வாங்கினான். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து ஆறு மாதம் தங்கிய மாமனாரும் மாமியாரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் ஒருமுறை தங்கள் வீட்டை மேலிருந்து காட்டிவிட வேண்டும் என்று அவனும் யாமினியும் ஆசைப்பட்டார்கள்.

அவர்களைவிட மாமியார் பர்வதத்துக்குத்தான் ஆசை அதிகம். எல்லாக் கூரையும் ஒரே மாதிரி இருக்கும், நம் வீடு எது என்று எப்படித் தெரியும் என்று யோசித்து, காலையில் தன் மஞ்சள் சேலையைப் பின்புறப் புல்வெளியில் விரித்து, நான்கு மூலையிலும் பூந்தொட்டி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

கணக்குக்கு எல்லோருடைய எடையும் வேண்டும். மாமனார் சேனாபதி, கேட்டதும் சொல்லிவிட்டார். மாமியாரிடம் எப்படிக் கேட்பது? அதுவும், பக்கத்து வீட்டு ஜலஜா ஆன்ட்டி சாப்பிட வந்திருந்த அன்று மாமனார் அப்படிப் பேசிய பிறகு?

"இவ ஏறுனா ப்ளேன் எங்கீங்க மாப்பிள்ளை ஏறும்? ரோட்டுலயே உருட்டிக்கிட்டு வூட்டுக்கு வந்தர வேண்டியதுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். பர்வதமும் சிரித்துக்கொண்டே ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நெடுஞ்செழியன் வாசலில் நின்று, "அத்தை, ஒரு அறுபது கிலோ இருப்பீங்களா?" என்றான். "ஆமாங்க மாப்பிள்ளை, அவ்வளவுதான் இருக்கும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அது அறுபது இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனில் அறுபது என்று போட்டான்.

இப்போது கதவைத் திறந்து, "எல்லாரும் ஒரு நிமிஷம் இறங்கணும்" என்றான்.

முதலில் மாமனார் இறங்கினார். பிறகு பின்சீட்டிலிருந்து யாமினி. கடைசியாகப் பர்வதம் தரையில் கால் வைத்ததும், விமானத்தின் வால் மெதுவாக மேலே வந்தது. நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"பாத்தீங்ளா! நாஞ் சொன்னனல்லொ?" என்றார் சேனாபதி.

இந்த முறை பர்வதம் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க மாப்பிள்ளை. நான் கார்ல உக்காந்துக்கறன். இந்த உச்சி வெயில்ல எனக்கும் தலை சுத்துது."

மணி எட்டரைகூட ஆகவில்லை.

யாமினி அவனை இறக்கைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனாள். "அம்மா வெயிட் எவ்ளோன்னு போட்ட?"

"அறுபது."

"லூசா நீ? பாத்தாலே தெரியலையா? தெரிஞ்சே டேக் ஆஃப் பண்ணப் பாத்தியா?"

"நீ ஐம்பத்தெட்டுன்னு சொன்ன. அதையும் அப்படியேதான் போட்டேன்."

"அது கல்யாணத்தப்போ" என்றாள்.

நெடுஞ்செழியனுக்கு முகம் எரிந்தது. அவனுடைய எடையும் லைசென்ஸுக்காக டாக்டர் பார்த்தபோது எழுதியதுதான். அதற்குப் பிறகு பெல்ட்டில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருந்தது. பார்ட்டிகளில் இறக்கை எப்படித் தூக்குகிறது என்று கையை விரித்து விளக்குகிறவன் அவன்தான். வால் கனமானால் என்ன ஆகும் என்றும் அவனுக்கு நன்றாகத் தெரியும். தரையை விட்டதும் மூக்கு தானாகவே மேலே போகும். கைப்பிடியை எவ்வளவு தள்ளினாலும் கீழே வராது. இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் விமானம் விழுந்துவிடும். அத்தையின் முகம் வாடக் கூடாது என்று, அத்தையின் உயிரை வைத்து விளையாடியிருக்கிறான். அப்படியும் முகம் வாடித்தான் போனது.

அவன் காரிடம் போனான். பர்வதம், விமானத்திலிருந்து எடுத்து வந்த டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, தப்பு என்னோடது. உங்களோடது இல்ல."

"பரவாலைங்க." அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நாங்க வந்த பெரிய ப்ளேன்ல எத்தனை பேர் இருந்தாங்க. பொட்டியத்தான் நிறுத்தாங்க. என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலீங்களே?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்வதற்காகவே பிறந்தவன் போல அவன் கார் கதவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அங்க முந்நூறு பேர் அத்தை. ஒருத்தர் ஜாஸ்தி இருந்தா இன்னொருத்தர் கம்மி இருப்பார். கூட்டத்துல எல்லாம் சமமாயிடும். அதனால ஆளுக்கு இவ்வளவுன்னு ஒரு சராசரி வச்சுக் கணக்குப் போட்டுடுவாங்க. இங்க நாலே பேர். சமமாகறதுக்கு ஆள் இல்ல. மூணு பேர் கம்மியாச் சொன்னா, மூணும் ஒண்ணாச் சேர்ந்துக்கும்."

"மூணு பேரா?"

"நானும்தான். யாமினியும்தான்."

பர்வதம் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது மட்டுமில்ல. கார்ல உக்கார்ற மாதிரியே மாமாவை முன்னாடி வச்சேன், உங்க ரெண்டு பேரையும் பின்னாடி வச்சேன், டிபன் பையை அதுக்கும் பின்னாடி வச்சேன். மாமா ஒல்லி. சீசா பலகையில எவ்வளவு கனம்ங்கறதோட, எங்க உக்கார்றோம்ங்கறதும் சேர்த்திதானே? வால் தாழ்ந்தது அதனாலயும்தான்."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். அவன் வாயிலிருந்து வந்ததே அவனுக்கு விடையாகத் தெரிந்தது. முன்சீட்டில் இருக்கும் இரண்டு பேரும் ஒரே தூரத்தில் உட்காருகிறார்கள். பின்சீட்டிலும் அப்படித்தான். அப்படியானால் கணக்குக்கு ஆளாளுடைய எடை எதற்கு? வரிசைக்கு ஒரு மொத்த எடை போதுமே!

கிளப் அறையின் மூலையில் பார்சல் நிறுக்கும் அகலமான மெஷின் ஒன்று இருந்தது. காலையில் அதைத் தாண்டித்தான் வந்தார்கள். அங்கே இரண்டு வெள்ளைக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்ததால் அவன் அத்தையை அதன் பக்கமே பார்க்க விடாமல் கூட்டி வந்திருந்தான். இப்போது அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். எல்லோரையும் அங்கே கூட்டிப் போனான்.

முதலில் சேனாபதியும் யாமினியும் சேர்ந்து மெஷின் மேல் ஏறினார்கள். "நான் பின்னாடியா?" என்று மாமனார் முனகினார். "ஆமாப்பா, ஏறுங்க பேசாம" என்றாள் யாமினி.

அடுத்து நெடுஞ்செழியன் ஏறி, ஓரமாகத் தள்ளி நின்றான்.

"ஐயோ, மாப்பிள்ளைகூடவா?" பர்வதம் பின்வாங்கினாள்.

"முதுகைக் காட்டி நின்னுக்கலாம் அத்தை. நம்பர் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணுதான் வரும். யாரோடது எவ்வளவுன்னு எனக்கே தெரியாது. என்னோடதே எனக்குத் தெரியாதே."

அவள் செருப்போடு ஏறினாள். முதுகுக்கு முதுகு நின்றார்கள். சேனாபதி எட்டிப் பார்க்க வந்தார். "அப்பா, வெளிய போங்க" என்றாள் யாமினி.

மொத்தம் வரம்பைத் தாண்டியது. வீட்டைச் சுற்றி வர அரை டேங்க் தாராளம் என்பதால், டேங்க் நிரம்பியிருந்ததை விட்டுவிட்டு, பாதிப் பெட்ரோலே இருந்த கிளப்பின் இன்னொரு விமானத்தை எடுத்தான். டிபன் பை காரிலேயே இருந்தது. பர்வதம் முன்னால் ஏறி, அவன் பக்கத்தில் பெல்ட் போட்டுக்கொண்டாள். அவன் இறங்கிப் போய்ப் பார்த்தான். வால் தாழவில்லை.

சின்ன விமானத்தில் யாரிடமும் எடை கேட்க வேண்டியதில்லை. முன்வரிசை இருவரைச் சேர்த்து ஒருமுறை, பின்வரிசை இருவரைச் சேர்த்து ஒருமுறை நிறுக்க வேண்டும். கனமான வரிசையை முன்னால் வைக்க வேண்டும். மொத்தம் வரம்பைத் தாண்டினால் பெட்ரோலையும் பையையும் குறைக்க வேண்டும்.