கல்லூரி வாசல் ஸ்டாப்

நான்கு முப்பத்தெட்டுக்குப் பதினேழாம் நம்பர் பஸ் கடைசி ஸ்டாப்பில் வந்து நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, இருக்கையை விட்டு எழாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். வண்டி ஓடும்போது டிரைவரின் போன் கண்டக்டரின் பைக்குள் இருக்க வேண்டும் என்பது டிப்போவின் சட்டம். கண்டக்டரை எல்லோரும் விசில் என்று கூப்பிடுவார்கள். ஊதுவதைவிடப் பேசுவதுதான் அவனுக்கு அதிகம். யார் வைத்தார்களோ, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"பாப்பா ஏழு தடவை கூப்பிட்டுருச்சுண்ணே. நான் டிக்கெட் கொடுக்கறதா, இந்தப் பையைச் சமாதானப்படுத்தறதா?" என்று போனைக் கொடுத்தான்.

பாப்பா டிரைவரின் ஒரே மகள். பள்ளிக்கூடம் முடித்து, பதினெட்டு வயதாகி, அப்பாவைவிட அரை விரல் உயரமாகவும் வளர்ந்தாயிற்று. ஆனாலும் வீட்டில், தெருவில், டிப்போவில் எங்கேயும் அவள் பாப்பாதான். அவர் திருப்பிக் கூப்பிட்டதும் பாதி மணியிலேயே எடுத்தாள். மூச்சு விடாமல் பேசினாள். கல்லூரி விண்ணப்பத்தில் சின்னதாக ஒரு மாற்றம் செய்திருக்கிறாளாம். அதை உறுதிசெய்ய அப்பாவின் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வருமாம். இரண்டு தடவை வந்து, பத்து நிமிஷம் முடிந்து செத்துப்போய்விட்டதாம். மொத்தமே மூன்று தடவைதானாம். ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிடுவார்களாம். இதோ, மூன்றாவதை இப்போது அனுப்புகிறாளாம்.

அந்த எண் தன் போனுக்கு வரும்படி செய்தது அவரேதான். ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது, கல்லூரியிலிருந்து வரும் தகவல் எதுவாக இருந்தாலும் முதலில் அப்பனுக்குத்தான் வர வேண்டும் என்று சட்டமாகச் சொல்லிவிட்டார். நாள் முழுக்கப் போனை அடுத்தவன் பையில் போட்டு வைக்கிற மனுஷன் இப்படிச் சொல்லலாமா என்று அவர் மனைவி கேட்கத்தான் செய்தாள். அதெல்லாம் அன்றைக்குக் காதில் விழவில்லை.

பேசிக்கொண்டே மெசேஜ் பார்க்கிற வித்தை அவருக்கு இன்னும் கைவரவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தார். வெறும் எண் மட்டும்தான் வரும் என்று பாப்பா நினைத்திருக்க வேண்டும். ஆனால் மெசேஜ் விலாவாரியாக இருந்தது. விருப்ப வரிசை மாற்றப்படுகிறது. முதல் விருப்பம் இது. சம்மதமானால் இந்த எண். அந்த முதல் விருப்பம், ஒரு முழு இரவும் மறுநாள் பாதியும் ரயிலில் போனால் வருகிற துறைமுக நகரத்துக் கல்லூரி. படிப்பு, கப்பல் வடிவமைப்பு.

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இந்த ஊரில் உருப்படியாக ஒரு குளம்கூடக் கிடையாது. கப்பலாம். பிறகு சிரிப்பு போய், மெசேஜை இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை போட்ட வரிசையில் முதலில் இருந்தது உள்ளூர்க் கல்லூரி. இதே பதினேழாம் தடத்தில், இங்கிருந்து மூன்றாவது ஸ்டாப். ஸ்டாப்புக்குப் பெயரே கல்லூரி வாசல்தான். "இதையே முதல்ல போட்டுரலாமாம்மா?" என்று அவர் கேட்டார். அவள் "சரிப்பா" என்றாள். அந்தச் சரிப்பா கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது என்பது இப்போதுதான் உறைத்தது.

வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. டிப்போவில் வருஷத்துக்கு ஒருமுறை தடம் பிரிப்பார்கள். சர்வீஸ் மூப்புப்படி ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட, சுவரில் ஒட்டிய பட்டியலில் அவரவர் வேண்டிய தடத்தை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக் கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் இந்தத் தடவை அவர் பெயர் இரண்டாவதாக வந்தது. விமான நிலையத் தடம் காலியாகத்தான் இருந்தது. புது வண்டி, கண்ணாடி மாதிரி ரோடு, சண்டை போடாத பயணிகள். அதை விட்டுவிட்டு, பதினான்கு வேகத்தடையும் ஒரு மார்க்கெட்டும் உள்ள பதினேழை எடுத்தார். அண்ணனுக்கு என்ன ஆச்சு என்று டிப்போவே சிரித்தது. பாப்பாவின் பரீட்சைகூட அப்போது முடிந்திருக்கவில்லை. ஆனால் பதினேழு காலை எட்டு நாற்பதுக்குக் கல்லூரி வாசலில் நிற்கும். அது ஒன்று போதாதா அவருக்கு?

அதோடு விட்டாரா? இரண்டு வாரம் கவனித்து, காலையில் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் வெயில் படாத இடம் இடதுபக்கம்தான் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அதில் மூன்றாவது இருக்கை. உள்கண்ணாடியில் முகம் நன்றாகத் தெரியும். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு சொல்லி அவளை அசத்தலாம் என்று கமுக்கமாக இருந்தார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் விசில். அவன் வாயை மூடி வைக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விசில் அருகில் வந்தான். அவர் போனை அவன் பக்கம் திருப்பினார். படித்தான்.

"மெசேஜ் வரல, டவர் போயிருச்சுன்னு சொல்லிருங்கண்ணே. இந்த இடத்துல யாருக்குத்தான் ஒழுங்கா கிடைக்குது? ஞாயித்துக்கிழமை போட்டது அப்படியே நின்னுரும்," என்றான்.

கெட்ட எண்ணத்தில் அவன் சொல்லவில்லை. அவன் சொல்வதற்கு முன்பே அது தன் மனசிலும் ஓடிவிட்டது என்பதுதான் டிரைவருக்கு வெட்கமாக இருந்தது. பொய்கூடச் சொல்ல வேண்டாம். போனை எடுக்காமல் இருந்தால் போதும். பத்து நிமிஷத்தில் எண் தானாகச் செத்துவிடும். பெண் இரண்டு நாள் அழுவாள், பிறகு எட்டு நாற்பது பஸ்ஸில் ஏறுவாள். மூன்றாவது இருக்கை. நான்கு வருஷம். ஆசை யாரை விட்டது?

போன் அடித்தது. மூன்று தடவை அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தார்.

"வந்துச்சாப்பா?"

"வந்துச்சு."

"நம்பர் மட்டுமா வந்துச்சு?"

"எல்லாம் வந்திருக்கு."

அந்தப் பக்கம் வீட்டு மின்விசிறி டக்டக்கென்று அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. அதைச் சரிசெய்கிறேன் என்று அவர் சொல்லி ஆறு மாசமாகிறது.

"சொல்லணும்னுதாம்ப்பா இருந்தேன். உங்க முகத்தைப் பாத்தா வாய் வரல," என்றாள் பாப்பா. "வேணாம்னா வேணாம்ப்பா. இங்கயே படிக்கிறேன்."

அவள் நிஜமாகவே அப்படிச் செய்வாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு சரிப்பா சொல்லிவிட்டு, நான்கு வருஷமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். தினமும் அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு தான் எப்படி வண்டி ஓட்டுவது?

"எழுதிக்க," என்றார். "ஏழு. ஒண்ணு. மூணு."

"ம்."

"மூணு. எட்டு."

அங்கே நின்றுவிட்டார். விசில் தன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்த்தான்.

"அப்பா? இன்னொண்ணு இருக்குல்ல?"

"அந்தக் காலேஜ்லேர்ந்து கடல் எவ்வளவு தூரம்?"

"நடந்தா பத்து நிமிஷம்னு போட்டிருக்கு."

"பாத்திருக்கியா நீ, கடலை?"

"இல்லப்பா. நீங்க?"

"எங்க?" என்றார். "அஞ்சு. கடைசி நம்பர் அஞ்சு."

தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பதிவாகிவிட்டது என்றாள். இடம் கிடைக்குமா என்று அவர் கேட்டார். தெரியாது, மார்க் வரிசைப்படிதான், கிடைக்காவிட்டால் இரண்டாவதாக உள்ளூர்க் கல்லூரி இருக்கிறது என்றாள். கிடைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். கிடைக்கக் கூடாது என்றும் ஆசைப்பட்டார். இரண்டும் உண்மைதான். வரும்போது மின்விசிறிக்கு ஏதோ ஒரு சாமான் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

விசிலுக்கு மனசு கேட்கவில்லை. "இந்தத் தடத்தை எதுக்கு எடுத்தீங்கன்னு பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணே."

"சொன்னா அது இங்கயே இருந்துரும்," என்றார் டிரைவர். போனை அவன் பையில் போட்டுவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

நான்கு ஐம்பதுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருடன் வண்டி புறப்பட்டது. விடுமுறைக் காலம், கல்லூரி வாசல் ஸ்டாப்பில் ஒரு ஆள்கூட இல்லை. இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. இறங்க யாரும் மணி அடிக்கவில்லை. அவர் வண்டியை ஓரம் கட்டி, அளவாக வாசலுக்கு நேரே நிறுத்தி, கதவைத் திறந்தார். என்னமோ ஏதோவென்று இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு வருஷத்துக்கு, நாளுக்கு எட்டு முறை இங்கே நிற்க வேண்டும்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். வலதுபக்க இருக்கைகள் எல்லாவற்றிலும் வெயில் சுள்ளென்று விழுந்திருந்தது. இடதுபக்கம் மூன்றாவது இருக்கையில் மார்க்கெட் பையை மடியில் வைத்தபடி ஓர் அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மேல் ஒரு பொட்டு வெயில்கூட இல்லை. திறந்த கதவருகே விசில் நின்றிருந்தான். ஊதலை உதட்டில் வைத்துக்கொண்டு, ஊதாமல்.