பின்சீட்டும் பின்விளக்கும்

உர்சுலாவும் இருதயமும் பேச்சை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் ஒன்றாகத்தான் நடந்து போனார்கள். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதால் அங்கே மட்டும் இவர்கள் சண்டை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வீட்டில் அந்த வசதி இல்லை. சோறு போட்டாயிற்று என்று சொல்ல அவள் தட்டைத் தரையில் ‘டங்’ என்று வைப்பாள். அவனுக்கு ஏதாவது வேண்டுமானால் மச்சினன் சிரிலைப் பார்த்துச் சொல்வான்.

“மச்சான், கொழம்புல இன்னிக்கு உப்பு லீவு போட்டுருச்சா?”

“சிரில், உங்க அத்தானுக்கு உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியும்னு சொல்லு.”

சிரில் பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவான். தன் வீட்டிலேயே தபால்காரன் வேலை பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு எரிச்சல்.

சண்டைக்குக் காரணம் கப்பல். ரப்பர் விலை படுத்து, ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடந்த வருஷம் அது. ரயில் பெட்டிகளுக்கு விளக்கு மாட்டுகிற வேலையில் இருந்த இருதயத்துக்கும் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். வேலையோடு ரயில்வே குவார்ட்டர்ஸும் போயிற்று. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிரில் வாடகைக்கு இருந்த வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டார்கள். மச்சினன் வீட்டுச் சோறு இருதயத்துக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டுப் போய், வேலை இழந்தவர்களை இலவசமாக நாகப்பட்டினத்துக்கு ஏற்றிப் போகும் கப்பலில் தன் பெயரையும் மனைவி பெயரையும் பதிந்துவிட்டு வந்தான்.

அவனுக்குத் திருச்சிப் பக்கம் ஒரு ஊர் இருந்தது. உர்சுலாவுக்குக் கிள்ளானை விட்டால் ஊர் ஏது? பிறந்தது, ஞானஸ்நானம் வாங்கியது, மாலை மாற்றியது எல்லாம் கிள்ளானில். கப்பலைத் துறைமுகத்தில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி.

“ஆட்டுக்குட்டியையா ஏத்துறீங்க? ஒரு வார்த்தை கேக்க வேணாம்?” என்றாள். அவளாக அவனிடம் நேரில் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கோபத்தில் வாயை மூடினாளே தவிர, கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. சிரில் காப்பாரில் ஒரு தோட்டத்து துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன். தோட்டம் நொடித்துப்போய், துரையும் சீமைக்கு மூட்டை கட்டினார். அவருடைய பழைய ஸ்டேஷன் வேகனைச் சீந்துவாரில்லை. போகும்போது சாவியைச் சிரில் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மரத்தாலான உடம்பு, மூன்று வரிசை இருக்கை, எஞ்சின் மட்டும் குறை சொல்ல முடியாது. மற்றதெல்லாம் அலங்கோலம். கொட்டகையில் கிடந்த காலத்தில் எலிகள் ஒயரைத் தின்றிருந்தன, கோழிகள் பின்சீட்டில் அடைகாத்திருந்தன. விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை.

அதைப் பார்த்ததும் உர்சுலாவுக்கு யோசனை பிறந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு வாடகை வண்டியாக விட்டால் மூன்று பேர் வயிறும் நிறையும், கப்பலும் வேண்டாம். சிரில் ஓட்டட்டும். சீட்டை அவள் தைப்பாள். விளக்கு? அதற்கு ஒரே ஒருவன்தான் இருந்தான், அவனிடம் அவள் பேசுவதில்லை.

“சிரில், உங்க அத்தான்கிட்ட கேளு. ரயிலுக்கே லைட்டு போட்டவருக்கு இது பெரிய வேலையான்னு.”

இருதயம் வேகனை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான், மூக்கைச் சுளித்தான். பிறகு சிரிலிடம் சொன்னான்.

“உங்க அக்காகிட்ட சொல்லு மச்சான். லைட்டு எரிஞ்சு, போலீஸ்ல பாத்து லைசென்ஸ் குடுத்தா இங்க இருப்போம். குடுக்காட்டி மாசக் கடைசியில கப்பல். பேச்சு பேச்சா இருக்கணும்.”

அன்றிலிருந்து உர்சுலாவுக்கு நிலைகொள்ளவில்லை. பேச்சு என்னவோ நியாயமான பேச்சுதான். ஆனால் விளக்கு அவன் கையில் அல்லவா இருக்கிறது? போக ஆசைப்படுகிறவன் கையிலேயே போகாமல் இருப்பதற்கான சாவியைக் கொடுத்தாயிற்றே! அடுப்பில் உலை கொதிக்கும்போதும் ஓடிவந்து சன்னல் வழியாகப் பார்ப்பாள். துணி துவைக்கும்போது பாதியில் எழுந்து வந்து பார்ப்பாள்.

இருதயம் ஒழுங்காகத்தான் வேலை செய்தான். விருப்பமில்லாத வேலையைக்கூட அரைகுறையாகச் செய்ய அவன் கைக்குத் தெரியாது. ரயில் பெட்டியில் பழகிய பழக்கம், போகும் ஒயரும் தெரியக்கூடாது, திரும்பும் ஒயரும் தெரியக்கூடாது. மரத்தில் பள்ளம் பறித்து, இரண்டு ஒயரையும் அதில் படுக்க வைத்து, மேலே மெல்லிய பட்டை அடித்து, மரத்தின் நிறத்திலேயே சாயமும் பூசிவிட்டான். எங்கே ஒயர் ஓடுகிறது என்று தெய்வத்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

உர்சுலாவும் லேசுப்பட்டவள் இல்லை. கோழி எச்சம் படிந்த பழைய உறையைக் கிழித்தெறிந்தாள். ஸ்பிரிங்குகளைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினாள். தேங்காய் நார் ஒரு அடுக்கு, மேலே இலவம் பஞ்சு ஒரு அடுக்கு, அதற்கு மேல் பச்சை ரெக்சின். ஓரத்தை மடித்து அடிப்பலகையில் ஆணி அடித்தாள். வரிசை பிசகாத ஆணிகள். அதில் அவளுக்குப் பெருமை.

இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் வேலை செய்தார்கள், ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. அவள் சீட்டில் உட்கார்ந்து ஓரம் தைத்துக்கொண்டிருக்கும்போது அவன் கொறடோடு வந்தால், இவள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். அவன் வேலை முடிந்து போன பிறகுதான் திரும்பி வருவாள். அவ்வளவு வீம்பு.

முன்விளக்குகள் இரண்டும் முதல் வாரத்திலேயே எரிந்தன. சிக்கல் பின்விளக்கில் வந்தது. நம்பர் தகட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு ஒரு சமயம் எரியும், ஒரு சமயம் எரியாது. உர்சுலா உள்ளே தைத்துக்கொண்டிருப்பாள். தெருவில் நிற்கும் சிரில், “அத்தான், பின்னால அணைஞ்சு போச்சு!” என்று கத்துவான். இருதயம் ஓடி வருவான், இவள் இறங்குவாள். அவன் போய்ப் பார்த்தால் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும். பல்பைக் கழற்றி மாட்டுவான், பாட்டரியைத் தட்டுவான், ஸ்விட்சைப் பிரித்துப் போடுவான். ஒரு கோளாறும் இருக்காது.

“லைட்டுக்கு உன்னைப் புடிக்கல லா அக்கா,” என்றான் சிரில் சிரித்துக்கொண்டு.

உர்சுலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பக்கத்தில் இருந்தால் அணைகிறது, அவன் கை வைத்தால் எரிகிறது. இதற்கு வேறு என்ன அர்த்தம்? ஏதோ கண்கட்டு வேலை செய்கிறான். சோதனை நாளன்று சரியாக அணைகிற மாதிரி வைத்திருக்கிறான். மெனக்கெட்டு மரத்துக்குள்ளே ஒயரைப் புதைத்ததுகூட அதற்காகத்தான் இருக்கும். இப்படி ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. சந்தேகம் வந்துவிட்ட மனசுக்குச் சாட்சிக்கா பஞ்சம்!

சோதனை வியாழக்கிழமை காலை. கோலாலம்பூரில் போலீஸ் திடலில் லோரிகளும் கார்களும் வரிசை பிடித்து நின்றன. இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர், மலாய் பேசுகிறவர். வேகனைச் சுற்றி வந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். உர்சுலாவுக்கு அந்தத் தலையாட்டலில் பாதி உயிர் திரும்பி வந்தது. விளக்கைப் போடச் சொன்னார். முன்னால் இரண்டும் எரிந்தன. பின்னாலும் எரிந்தது.

பாரம் ஏறினால் வண்டி எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். உர்சுலாவைப் பின்சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார். அவள் ஏறினாள். அவர் பின்பக்கம் போனார்.

“லம்பு மானா?” என்றார்.

விளக்கு எங்கே என்று கேட்கிறார். விளக்கு அணைந்திருந்தது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வருவேன், அதற்குள் சரி செய்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த மாதம் வா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மாதம் என்றால் நாகப்பட்டினம். உர்சுலா வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதைப் பார்த்ததும் ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த வாய் திறந்துகொண்டது.

“நல்லாருக்குங்க, ரொம்ப நல்லாருக்கு! இறங்குனா எரியுது, ஏறுனா அணையுது. என்ன பொம்மலாட்டம் ஆடுறீங்க? கப்பல்ல ஏத்தணும்னா கையக் கால கட்டி ஏத்த வேண்டியதுதானே? எதுக்கு இந்த நாடகம்? இப்படி ஒரு பொய்யான மனுசனோட நான் குடும்பம் நடத்தினேன் பாருங்க!”

திடலில் நின்ற லோரிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிரில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். இருதயத்தின் முகம் கறுத்துப் போயிற்று. பதிலுக்குக் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் விளக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான்.

“இன்னொரு தடவ சொல்லு. ஏறுனா என்ன ஆகுது?”

“ஏன், உங்களுக்குத் தெரியாதாக்கும்?”

“உர்சுலா, ஏறி உக்காரு.”

அவன் வாயிலிருந்து அவள் பெயர் வந்து ஒரு மாதமாகியிருந்தது. ஏறி உட்கார்ந்தாள்.

“அணைஞ்சிருச்சு. எந்திரி.”

எழுந்தாள்.

“எரியுது. உக்காரு. ம், அணைஞ்சிருச்சு. எந்திரி.”

சிரில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இருதயம் சிரிக்கவில்லை. அங்கேயே சட்டையோடு மண்ணில் படுத்து, தலையைப் பின்சீட்டுக்கு அடியில் விட்டான். கொறடு பட்டையைப் பெயர்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, “இங்க வா,” என்றான்.

உர்சுலா குனிந்து பார்த்தாள். அடிப்பலகையில் அவளுடைய ஆணிகள் அழகாக வரிசையில் நின்றன. அதில் ஒன்று பலகையைத் துளைத்து, பள்ளத்தில் படுத்திருந்த ஒயருக்குள் இறங்கியிருந்தது. ஒயர் உள்ளுக்குள் அறுந்து, முனைகள் பட்டும் படாமலும் இருந்தன. ஆள் உட்கார்ந்தால் பலகை தொய்ந்து முனைகள் விலகும். எழுந்தால் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

“நான் அடிச்சது,” என்றாள்.

“கம்பி அது வழியா போகுதுன்னு நான் சொல்லிருந்தா நீ ஏன் அடிக்கப் போற?”

“நான் கேட்டுருக்கணும்.”

“கேட்டாலும் உங்க தம்பிகிட்டதானே கேட்டிருப்பே. அந்த டார்ச்ச நேரா புடி.”

பிடித்தாள். அவன் ஆணியைப் பிடுங்கி, ஒயரை முறுக்கி, நாடா சுற்றி, பட்டையைத் திரும்ப அடித்தான். இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுவிட்டு வந்து, தானே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நல்ல கனத்த மனிதர். உர்சுலா பின்னால் நின்று விளக்கை விட்டுக் கண் எடுக்காமல் பார்த்தாள். அவர் இந்த ஓரம் நகர்ந்தார், அந்த ஓரம் நகர்ந்தார். விளக்கு அசையாமல் எரிந்தது. லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

சிரில் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்ற முன்பக்கம் போனான். உர்சுலா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் அழுகை வரும்போல இருந்தது. ஆனால் அவளுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது, அது முடியாமல் அழக்கூட மனம் வரவில்லை.

“ஏங்க, நேரா அந்தக் கப்பல் ஆபீசுக்குப் போயி நம்ம பேரை அடிச்சுட்டு வந்துரலாம். மாசக் கடைசி வந்துருச்சு.”

இருதயம் கந்தைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தான்.

“கப்பல் செவ்வாக்கெழமையே போயிருச்சு,” என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை இவன் நாள் முழுக்க வேகனுக்கு அடியில் அல்லவா கிடந்தான்? இவள்தானே சக்கரத்துக்குப் பக்கத்தில் சோற்றுத் தட்டை ‘டங்’ என்று வைத்துவிட்டு வந்தாள்?

“அப்ப... லைட்டு எரியாமப் போயிருந்தா?”

“எரியுற வரைக்கும் பாத்திருப்பேன்.”

“அன்னிக்கு லைட்டும் எரியல, லைசென்சும் இல்ல. எதை நம்பி கப்பலை விட்டீங்க?”

இருதயம் கந்தைத் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். இப்படிப்பட்ட பேச்சு அவனுக்கு வராது.

“திங்கக்கெழமை சாயங்காலம் நீ இந்தச் சீட்டைத் தைச்சுக்கிட்டு இருந்தே. பாத்தேன். கப்பலுக்குக் கூப்பிட்டா வந்துருப்பே, எனக்குத் தெரியும். ஆனா அப்படித் தைக்கிறவளை எங்கயும் இழுத்துக்கிட்டுப் போக எனக்கு மனசு வரல.”

“சொல்லியிருக்கலாமே!”

“சொல்லலாம்னுதான் கிட்ட வந்தேன். நீ எறங்கிப் போயிட்டே.”

உர்சுலா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை பேர் முன்னால் அவனைப் பொய்யன் என்றாளே, அப்போதாவது வாயைத் திறந்து கப்பல் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா இந்த மனிதன்? அவள் வாய் அங்கேயே அடைத்திருக்குமே! அவமானமாக இருந்தது அவளுக்கு. அதைவிட அதிகமாக, கல்யாணமான இத்தனை வருஷத்தில் இல்லாத அளவுக்கு, அவன்மேல் ஆசையாகவும் இருந்தது. எஞ்சின் உறுமிக் கிளம்பியது. அவள் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

“ஏறுங்க.”

இருதயம் தன் சட்டையைப் பார்த்தான். முதுகெல்லாம் மண், கையெல்லாம் கறுப்பு.

“புதுச் சீட்டு. அழுக்காயிரும்.”

“ஆகட்டும்,” என்றாள் உர்சுலா.