புளி போட்டுக் கழுவிய ரேடியேட்டர்

துரைராசு ஐயாவின் பழைய பிக்கப் வண்டிக்கு நான்தான் டிரைவர், நான்தான் மெக்கானிக். வண்டி நின்றுபோனால் திட்டு வாங்குவதும் நான்தான்.

அந்த ஐப்பசியில் குறுவை முற்றிச் சாய்ந்து கிடந்தது. கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டித் தந்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று எங்கள் தெருப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் ஆளாக உட்கார்ந்தவள் காத்தாயி, என் பெண்டாட்டி. ஐயாவோ பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஆள் ஏற்றிவர முடிவு செய்தார். அவர்கள் வந்து அறுத்துவிட்டால் எங்கள் வீட்டில் உலை ஏறாது. அந்த வண்டியை ஓட்டப்போவதும் நான்தான் என்று நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வண்டி சூடாவுதுல்ல மருதையா? ரேடியேட்டரப் புளி போட்டுக் கழுவு. எங்க வீட்டுப் பித்தளை அண்டா எப்புடிப் பளபளன்னு இருக்கு, பாத்தியா?"

"ஐயா, ஓட்டைய எல்லாம் அந்த அழுக்குதாங்க அடைச்சுக்கிட்டு நிக்குது. லேசா அலசினாப் போதுங்க."

"ஆட்சி மாறுனதும் உங்களுக்கெல்லாம் வாய் நீண்டுபோச்சு. சொன்னதைச் செய்டா!"

செய்தேன். குறை வைக்காமல் செய்தேன். புளியைக் கரைத்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறியதும் அடித் திருகைக் கழற்றினேன். துருவும் உப்புமாகக் கொட்டியது. மறுபடி ஊற்றினேன். ஐந்தாம் தடவை, ஊற்றிய தண்ணீர் ஊற்றிய நிறத்திலேயே வெளியே வந்தது. ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் காலை புறப்பட்டு இரண்டு மைல்கூட ஆகவில்லை. அவருடைய வயலுக்கு நேராக வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. ரேடியேட்டரில் ஏழெட்டு இடத்தில் ஒழுகியது. கிழக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

ஐயா வானத்தைப் பார்த்தார், கதிரைப் பார்த்தார், கடைசியில் காத்தாயியைப் பார்த்தார்.

"அரை மரக்கால் சேத்தே தரேன், அறுங்க. முதல்ல இந்தச் சனியனக் களத்துப் பக்கம் தள்ளுங்க, வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது."

"தள்றோங்க. பாரமா இருக்கும்போலருக்கு, ஐயாவும் ஒரு கை குடுங்க," என்றாள் காத்தாயி.

இடி உறுமியது. எங்கள் தெருவுக்குள் ஒருநாளும் கால் வைக்காத மனிதர், வேட்டியை மடித்துக் கட்டி, காத்தாயியின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துத் தள்ளினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கக் கண்ணாடியில் பார்த்த எனக்கு வயிறு குளிர்ந்தது.

பிரேக்கைக் கொஞ்சமாக மிதித்துக்கொண்டேன். காத்தாயிக்கும் பாரம் கூடத்தான் செய்யும். பரவாயில்லை, வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்.