மண்ணுக்குள் போகும் பக்கம்

கிட்ட வந்து இருங்கள், மக்காள். கல்முனைக் கரையில் ஒரு மவுத்து வீட்டில் நடந்ததைச் சொல்லப்போகிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

பஸ்மினா லேசர் மெசினில் ஒரு வயரைக் கழற்றி, அந்த இடத்தில் ரோட்டரியின் வயரைச் சொருகிக்கொண்டிருந்தாள். வெளியே வளவில் சீலை கட்டி அவளுடைய வாப்பா ஆதம்பாவாவின் மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு வாப்பா கொழும்பிலிருந்து வாங்கிக் கொடுத்த மெசின். கல்யாண வீடுகளுக்குக் கிளாஸில் பேர் எழுதிக் கொடுப்பாள். உருண்டைச் சாமானை ரோட்டரி ஒரு முனையில் கவ்விப் பிடித்து மெல்லச் சுழற்ற, மேலிருந்து ஒளி எழுதும். இன்று அது கவ்விப் பிடித்திருந்தது தச்சு வேலை ஓடாவி கடைந்து அனுப்பிய மீசான் கட்டை. அடக்கம் செய்த கபுறின் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று நடுவார்கள்.

"மையத்து வீட்டுலயும் மெசினா ஓட்டுறாள்?" என்று றம்ஸியா சாச்சி கதவடியில் நின்று யாரிடமோ கேட்டாள். பஸ்மினா திரும்பவில்லை. பெண்கள் கபுறுகள் உள்ள மையவாடிக்குப் போவதில்லை. அவள் கைபட்டு அங்கே போகக்கூடியது அந்தக் கட்டைதான்.

நல்லவேளை, முதலில் கட்டையில் தாளைச் சுற்றி எழுதிப் பார்த்தாள். வாப்பாவின் பெயர் இழுபட்டுக் கோணலாக வந்தது. மெசினில் கிளாஸின் சுற்றளவையே மாற்றாமல் விட்டிருந்தாள். நூலால் கட்டையைச் சுற்றி அளந்து, திருத்தி ஓடவிட்டாள். பெயர் சரியாக விழுந்தது.

இரண்டாவதான கால்மாட்டுக் கட்டையை மாட்டிவிட்டு வேறொரு பெயரைத் தட்டினாள். கைருன்னிஸா. சுனாமி கொண்டுபோன உம்மா. தேடாத இடமில்லை. மையத்தும் கிடைக்கவில்லை, அதனால் கபுறும் இல்லை.

கட்டைகளை எடுத்துப்போக வந்த மீராலெவ்வை மாமா, உம்மாவின் தம்பி, திரையைப் பார்த்தபடி நின்றார்.

"இல்லாத மையத்துக்கு மீசானா எண்டு கேப்பாங்க, புள்ள. ஊரெல்லாம் கதையாப் போயிரும்."

அவள் பெயரை அழிக்கவில்லை. மெசினை ஓடவிடவும் இல்லை.

"உம்மாக்கும் ஒரு இடம் கிடக்கட்டும் மாமா."

வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றிருந்தது. மாமா கட்டையின் கூரான பக்கத்தைத் தடவினார்.

"அப்ப இதில எழுது. இது மண்ணுக்குள்ள போற பக்கம். ஆருக்கும் தெரியா."

கூர்ப் பக்கம் சரிவு. எழுதும் இடம் மட்டமாகும்வரை ரோட்டரியின் தலையைச் சரித்தாள். அங்கே கட்டை மெலிந்திருந்ததால் மீண்டும் நூலால் அளந்தாள். ஒளி ஊர்ந்தது. புகை எழுந்தது. மாமா இருமலை அடக்கிக்கொண்டு, பெயர் முடிந்ததும் கட்டையைத் தன் சால்வையில் சுற்றிக்கொண்டார். வாப்பாவைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டியபோது பெண்கள் எல்லோரும் ஜன்னலடியில் நின்றார்கள். அவள் மட்டும் மெசினடியிலேயே இருந்தாள்.

மஃரிப் தொழுகைக்கு முன் மாமா வந்தார். வீடு நிறையப் பெண்கள் இருந்ததால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தார். போகும்போதுதான் சொன்னார்.

"கால்மாட்டுக் கட்டைய நல்லா ஆழத்துக்கு இறக்கியிருக்கு."

"ஓம் மாமா."

கடைசியாக சாச்சியும் தன் வீட்டுக்குப் போனாள். பஸ்மினா வாசற்கதவைச் சாத்தினாள். ஒவ்வொரு நாளும் அதைச் சாத்துவது வாப்பாதான். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இழுபடும் என்று தெரியாமல், இருட்டில் தடவிக்கொண்டு நின்றாள்.

உங்கள் வீட்டு வாசலை அல்லாஹ் ஆளில்லாமல் ஆக்காதிருக்கட்டும், மக்காள்.