ஏழாம் நம்பருக்கு வழி

காலையில் ஆற்றுப் படகுப் போக்குவரத்துக் கண்ட்ரோல் ரூம் படியேறும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இன்று எல்லோரும் தன்னிடம் தேவைக்கு மேல் மரியாதையாக நடந்துகொள்ளப் போகிறார்கள் என்று. வாசலில் காவலுக்கு இருப்பவர் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார். முந்தைய ஷிப்ட் பார்த்தவர் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த நாற்காலியை யாரும் யாருக்காகவும் துடைத்ததில்லை. சூப்பர்வைசர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் சுவர்க் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிடும் மனிதர். ஆற்றில் படகு ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவர் 'கடிகாரம்'தான். அப்பேர்ப்பட்டவர் இன்று சுவரை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஏழாம் நம்பர் வருதும்மா," என்றார்.

"தெரியும் சார்."

"அவரேதான் ஓட்டிட்டு வர்றாரு. லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் வேலைக்கு வர்றாரு. நான் வேணா மைக்கை எடுத்துக்கட்டுமா? நீ ரேடார் பக்கம் உக்காந்துக்க."

"எனக்கொண்ணும் இல்ல சார்."

வாய் உபசாரத்துக்குச் சொன்னதல்ல. நிஜமாகவே அவளுக்கு ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கலே. விடுமுறை நாட்களில் சின்னத் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு தூண்டில் போடப் போவது அவள் வீட்டுக்காரரின் வழக்கம். பிடித்து வந்த மீனைவிட வாங்கி வந்த மீன்தான் அதிகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலை, ஏழாம் நம்பர் இழுவைப் படகு எதிர்வெயிலில் வந்தது. பேர்தான் இழுவைப் படகு, பாதி நாள் தள்ளுகிற வேலைதான். அன்றும் மணல் ஏற்றிய பார்ஜ் ஒன்றை, அந்தத் தட்டையான சரக்குப் படகைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. துடுப்புப் படகு அதன் அடியில் போனது, அவரும் போனார். விசாரணை நடத்தினார்கள். சிறு படகு வழித்தடத்துக்குள் நின்றிருக்கிறது, பார்ஜின் மூக்குக்குக் கீழே இருக்கும் தண்ணீர் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, வெயில் வேறு கண்ணில் அடித்திருக்கிறது, ஆகவே யார்மேலும் தப்பில்லை என்று முடிவானது. அவளும் தலையாட்டினாள். அவளே அந்த வேலையில் இருப்பவள், அது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் யார்மேலும் தப்பில்லை என்றால் ஒரு மனுஷி எங்கே கொண்டுபோய் எதை இறக்கிவைப்பது? இறக்கிவைக்க இடமில்லாமல், தூக்கிக்கொண்டிருப்பதும் தெரியாமல், கை மரத்துப்போவது மாதிரி முழு ஆளும் மரத்துப்போயிருந்தாள்.

வீட்டில் நாத்தனார்தான் அவள் பங்குக்கும் சேர்த்து அழுதாள். "அண்ணி, ஒரே ஒரு தடவை அழுதுடுங்க அண்ணி. எனக்குப் பயமா இருக்கு," என்றாள். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். வராத தும்மலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது. கடைசியில், வந்ததற்கு ஒரு வேலையாகவாவது இருக்கட்டும் என்று வாளியைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

அவளிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்காரரைக் கடைசியாகப் பார்த்தவர் ஏழாம் நம்பர்க்காரர். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார்? விசாரணையில் வேகம் கேட்டார்கள், தூரம் கேட்டார்கள், ஹாரன் அடித்தீர்களா என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. அவளுக்கும் தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? ஆனாலும் பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் நின்றுகொள்ளும். ஏழாம் நம்பர்க்காரர் மருத்துவ விடுப்பில் போய்விட்டார், யார் கண்ணிலும் படுவதில்லை என்று கேள்விப்பட்டாள். வீடு தேடிப் போய்க் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

இன்று ஆற்றில் படகுப் போட்டி களைகட்டியிருந்தது. வளைவிலிருந்து பாலம்வரை வழியை அடைத்தாயிற்று. காவலுக்கு மேல்பக்கம் இரண்டு லாஞ்ச், கீழ்ப்பக்கம் இரண்டு லாஞ்ச், கரையோரம் மீட்புக்காரர்கள். வங்கிக்காரர்கள், தபால்காரர்கள், மருத்துவமனைக்காரர்கள் என்று ஆளுக்கொரு நீளப் படகு. வருஷம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே தேய்ந்தவர்கள், இன்று ஒரு நாள் நுரை தள்ளத் தள்ளத் துடுப்புப் போட்டுவிட்டு அடுத்த வாரம் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிவார்கள். துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறவர்கள். எதிரே மலையே வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குப் பதிலாகப் பார்ப்பதற்குத்தான் மேலே அவள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் கொஞ்ச நேரம் இடைவெளி. காத்திருக்கும் படகு ஏதாவது இருந்தால் அந்த இடைவெளியில் ஒன்றே ஒன்றை விடலாம். அது தாண்டிப் போனதும் அவள் "வழி காலி" என்று சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் அடுத்த போட்டி. தொடக்கப் படகில் நிற்பவருக்கு, விசில் இல்லாமல் பேச வராது என்பதால், 'சீழ்க்கை' என்று பேர். "மேடம், சொல்லிட்டீங்கன்னா ஊதிடுவேன்," என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வேலையில் ஒரு நியதி உண்டு. மைக்கில் அவள் எது சொன்னாலும் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதவரை அது சொன்ன கணக்கில் சேராது. "நில்லுங்க" என்றால் "நிக்கறேன்." அவ்வளவுதான். தலையாட்டினேன், மனசுக்குள் சரி என்றேன் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

ஏழாம் நம்பர் அடைப்பு தொடங்கும் முன்பே போயிருக்க வேண்டியது. இன்ஜின் மக்கர் பண்ணி, வளைவில் வந்து நின்றுவிட்டது. ஆற்றில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த இடைவெளியை விட்டால் பார்ஜின் அடி சேற்றில் உட்கார்ந்துவிடும். மூக்கு மாட்டிக்கொண்டால் ஆற்றின் இழுப்பு வாலைச் சுழற்றி, போட்டிப் பாதைக்குக் குறுக்கே கதவு சாத்தின மாதிரி போட்டுவிடும்.

"ஏழு, கண்ட்ரோல் பேசறேன். உங்களுக்கு வழி திறந்திருக்கு. வலது கரையை ஒட்டி வாங்க."

பதில் இல்லை. ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்.

"ஏழு, வழி திறந்திருக்கு. வலது கரையை ஒட்டி வாங்க. திருப்பிச் சொல்லுங்க."

இல்லை. பைனாகுலரை எடுத்துப் பார்த்தாள். ஓட்டும் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. மைக் கையில்தான் இருந்தது. சேனலில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், யார் குரல், யார் காது என்று. பார்ஜின் வால் மட்டும், யாரையும் கேட்காமல், மெல்ல வெளியே நகர ஆரம்பித்திருந்தது.

"இழுப்பு பிடிச்சிருச்சும்மா," என்று கடிகாரம் எழுந்துவிட்டார். "மைக்கைக் கொடு. இல்ல, மேல்பக்கம் நிக்கற லாஞ்சை அனுப்பு."

"லாஞ்ச் போய்ச் சேர்றதுக்குள்ள உக்காந்துரும் சார்."

அவள் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். இத்தனை வருஷத்தில் மைக்கில் பேசாத பேச்சு அது.

"அண்ணே, நான்தான் பேசறேன். யாருன்னு உங்களுக்குத் தெரியும். நான் உங்களைத் திட்டறதுக்கு மைக்கைப் பிடிக்கல. தண்ணி இறங்குது, பின்பக்கம் வெளிய வருது. மத்ததெல்லாம் அப்புறம். இப்ப இன்ஜினை மெதுவா முன்னால கொடுங்க."

இரைச்சல். பிறகு, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தப்பட்ட பிள்ளையின் குரல் போல ஒன்று வந்தது. "மெதுவா... முன்னால கொடுக்கறேன்."

"கொஞ்சம் வலது."

"கொஞ்சம் வலது."

"போதும். நேரா வாங்க. கரையைப் பாக்காதீங்க, பாலத்தோட நடுத் தூணைப் பாருங்க."

"நடுத் தூணைப் பாக்கறேன்மா."

அவர் திருப்பிச் சொல்லச் சொல்ல அவள் அடுத்ததைச் சொன்னாள். தன் குரல் இவ்வளவு நிதானமாக இருப்பது அவளுக்கே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. கல்லுக்குக்கூட வெயில் பட்டால் சுடும், எனக்கு என்ன வந்தது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் வேகம் கொடுக்கலாம்," என்றாள். பார்ஜின் வால் அடங்கி உள்ளே வந்தது. மணல் குவியல், துருப்பிடித்த விளிம்பு, அதன் பின்னால் ஏழு என்று எழுதிய வெள்ளை அறை, ஒவ்வொன்றாகக் கண்ட்ரோல் ரூம் கோபுரத்துக்குக் கீழே கடந்தன. மேலிருந்து பார்க்க அவர் சின்ன மனிதராக இருந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, சொன்ன தூணையே பார்த்துக்கொண்டு போனார். பார்ஜ் பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் ஆழமான தண்ணீரில் வெளியே வந்தது.

கடிகாரம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடம், ஊதலாமா?" என்றார் சீழ்க்கை. நீளப் படகுகள் கோட்டில் வந்து நின்றுவிட்டன.

அவள் பொத்தானை அழுத்தினாள். "வழி காலி" என்றுதான் சொல்ல வாயெடுத்தாள்.

"ஏழு," என்றாள். "அன்னிக்கு அவரு என்ன பண்ணிட்டிருந்தாரு?"

மைக்கைப் பிடுங்கப் போன கடிகாரத்தின் கை பாதி நீண்டு நின்றுவிட்டது. பொதுச் சேனல், ஆறு முழுக்கக் கேட்கும். இதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஆள் வரும். கை அப்படியே மேசைமேல் இறங்கியது.

பாலத்துக்கு அப்பால் ஏழாம் நம்பரின் இன்ஜின் சத்தம் நின்றது. அப்புறம் குரல் வந்தது.

"என்னைப் பாக்கலம்மா. பாதி முதுகைக் காட்டி, கரைப் பக்கம் திரும்பித்தான் உக்காந்திருந்தாரு. ஹாரனுக்குக் கை போறதுக்குள்ள பார்ஜ் மறைச்சிருச்சு. ஒரு நொடிதான்மா பாத்தேன். டீ குடிச்சிட்டிருந்தாரு. பிளாஸ்க் மூடியில ஊத்தி வச்சிக்கிட்டு. சூடா இருந்துச்சு போல. ஊதிட்டிருந்தாரு."

ஊதுவார். அவர் அப்படித்தான். நாக்கு சுட்டுவிடும் என்று குழந்தை மாதிரி பயம். கல்யாணமான புதிதில் அவர் ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்து இவள் சிரித்திருக்கிறாள். வேண்டுமென்றே கொதிக்கக் கொதிக்கக் கொடுத்திருக்கிறாள். கன்னம் இரண்டும் உப்ப, கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் மாதிரி ஊதுவார். விசாரணைக்காரர்கள் வாயில் 'சிறு படகு' ஆகியிருந்தவர், இந்த நொடியில், வெயிலில், ஆவி முகத்தில் பட, டீயை ஊதிக்கொண்டிருந்தார். குடித்தாரா? ஒரு வாயாவது குடித்தாரா?

"வழி," என்றாள்.

அடுத்த சொல் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. அடிவயிற்றிலிருந்து, அவளுக்கே அடையாளம் தெரியாத ஒரு சத்தம், அதற்குப் பின்னால் இன்னொன்று. மேசைமேல் கவிழ்ந்தாள். கட்டைவிரல் பொத்தானை விடவில்லை. ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது, கேட்கத்தான் முடியும். மேல்பக்கத்து லாஞ்ச்களில் கேட்டது, கீழ்ப்பக்கத்து லாஞ்ச்களில் கேட்டது, பாலத்துக்கு அப்பால் இன்ஜினை நிறுத்திவிட்டு நின்ற ஏழாம் நம்பரில் கேட்டது. கடிகாரம் அவள் விரலை எடுத்துவிடப் போகவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கீழே, தொடக்கக் கோட்டில், படகின் ஸ்பீக்கரிலும் அதே சத்தம் கேட்க, விசிலை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் சீழ்க்கை. அவருக்குப் பக்கத்தில் வங்கிக்காரர்களும் தபால்காரர்களும் துடுப்புகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி இருந்தார்கள். துடுப்பு நுனிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.