முதல் மண்

பாடை தெருமுனைக்கு வந்ததும் பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். பொன்மணி நிற்கவில்லை. அம்மா மாரித்தாயின் காலருகே மூங்கிலைப் பிடித்தபடியே நடந்தாள்.

உறுமிச் சத்தம் நின்றது. பெரியப்பா முறையான பெத்தணன் முன்னால் வந்து மறித்தார். அந்தத் தெருவின் பதினேழு வீட்டுக்கும் அவர்தான் பெரியவர்.

"பொம்பளையாளுக இதுக்கு மேல வரக் கூடாது தாயி. ஒஞ் சித்தப்பன் மகன் கதிரவன் மொத மண்ணு போடுவான்."

"நாந்தான் போடுவேன், பெரியப்பா."

"தெலுங்கு பேசுற நம்மள இந்த நாரணாபுரத்துல இன்னும் வெளியில இருந்து வந்தவகளாத்தான் பாக்காக. இந்த வழக்கத்தையும் விட்டுட்டா நமக்குன்னு என்ன மிஞ்சும்?"

"ஒங்க பேரனுக்குத் தெலுங்கு வருதா?"

அவர் தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு வருது. எங்கம்மா சொல்லிக்குடுத்தது. நம்ம பாஷையும் வேணும், நம்ம சாமியும் வேணும். இந்த முனையில மட்டும் நிக்க மாட்டேன்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பட்டாசுக் கம்பெனி விபத்தில் கருகிப்போன அக்கா நாகஜோதியைத் துணியில் சுற்றி இந்த வழியாகத்தான் கொண்டுபோனார்கள். அம்மாவை நான்கு பேர் பிடித்து இங்கேயே நிறுத்தினார்கள். மகளைப் புதைத்த இடத்தை அவள் கடைசிவரை பார்க்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில், "என்னைய அவ பக்கத்துல போடச் சொல்லு" என்றவள், அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

"அக்கா பக்கத்துலதான குழி வெட்டியிருக்கீக?"

"ஆமா."

"அப்ப நடங்க. காட்டுங்க."

பாடை நகர்ந்தது. அவளை யாரும் தொட்டு நிறுத்தவில்லை.

மயானத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. புதுக்குழி ஓரத்தில் நின்று கேட்டாள்.

"அக்கா எங்கன கெடக்கா?"

பெத்தணன் வலப்பக்கம் கை நீட்டினார். "இங்கனதான்... இல்ல, அந்தா அந்த மேட்டுப் பக்கம்." மற்ற ஆண்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள்.

"வழக்கத்தக் காப்பாத்துனீக. பிள்ளைய வச்ச எடம் தெரியல" என்றாள் பொன்மணி. குரலை உயர்த்தவில்லை.

அம்மாவைக் குழியில் இறக்கினார்கள். கதிரவன் ஒரு பிடி மண்ணை அள்ளினான். அதைப் போடாமல் பொன்மணியின் கையில் கொடுத்தான். அவள் போட்ட கரிசல் கட்டி அம்மாவின் நெஞ்சில் விழுந்து உடைந்தது.

பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. முள்ளை விலக்கிக்கொண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த வள்ளித்தாயின் முந்தானை கிளையில் மாட்டிக்கொண்டது. அவள் பெத்தணனின் மனைவி. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

பெத்தணன் போய்க் குனிந்து, துணி கிழியாமல் ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிடத் தொடங்கினார்.